முதல் அடி

பாங்கு முடிய
கட்டிலை விட்டு இறங்குகிறேன்.
இரவோடிரவாக யாரோ தரையில் ஆணி அடித்திருக்கிறார்கள்,
என் இடக் குதிக்குச் சரியாக அளவெடுத்து.

மேசை, கதவுநிலை, ஃப்ரிட்ஜின் தோள் என்று
பிடித்துப் பிடித்துக் குசினிக்குப் போனால்
கேத்தில் கொதிக்கிற நேரத்துக்கு வலி இளகிவிடும்.
"இப்ப நல்லாத்தானே நடக்கிறீர்"
என்பார் இவர், பேப்பரை மடிக்காமல்.

புதுக்கடைக் கோட்டில் இருபத்திரண்டு வருசம்
கூண்டுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன்.
இவர்கள் தமிழில் சொன்னதை அவர்களுக்குச் சிங்களத்தில்,
அவர்கள் கேட்டதை இவர்களுக்குத் தமிழில்.
"நெஞ்சுக்க என்னவோ செய்யுது ஐயா" என்று ஒரு கிழவர் நின்றால்
அந்த என்னவோவுக்குச் சொல் தேடி
ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறுவேன்.
சப்பாத்துக்குள் நடக்கிறது எதுவும்
வழக்கேட்டில் ஏறாது.

பெரியாஸ்பத்திரியில் நூற்றுப் பதினேழாம் நம்பர்.
எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து
டொக்டர் சமுதினி சொன்னாள்: விலும்பே கட்டுவக்.
விலும்ப என்றால் குதி;
என் காதில் முதலில் விழுந்தது விளிம்பு.
கட்டுவ என்றால் முள். எலும்பும் அதுதான்.
எனக்கு இரண்டு சொல் வேண்டியிருந்த இடத்தில்
அவளுக்கு ஒன்றே போதுமாயிருந்தது.
பார்த்தேன். குதியெலும்பின் அடியில்
ரோசாச் செடியில் இருக்கிற மாதிரியே ஒன்று,
விரல்களைப் பார்த்து வளைந்து.

"வெட்டி எடுக்க ஏலாதா?"
சிரித்தாள். நிறையச் சொன்னாள்.
பஸ்ஸில் வரும்போது எனக்கு நானே மொழிபெயர்த்தேன்:

முள் எதிரி அல்ல. சாட்சி.
நோவே இல்லாத எத்தனையோ பேர் காலிலும்
அது சும்மா இருக்கும்.
நோவது, குதியிலிருந்து விரல்வரைக்கும்
உள்ளங்காலில் ஓடுகிற நார்ப்பட்டை.
இரவெல்லாம் சுருங்கிக் கிடந்துவிட்டு
முதல் அடியில் சடாரென்று இழுபடுகிறது.
வருசக்கணக்காய் இழுபட்ட இடத்தில்
எலும்பு தன்பாட்டில் ஒரு வாக்குமூலம்
எழுதி வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

துண்டில் மருந்து ஒன்றே ஒன்று. மிச்சமெல்லாம் வேலை.
எழும்பமுதல் துவாயை உள்ளங்காலில் மாட்டி
உன் பக்கமாய் இழு, முப்பது எண்ணு.
சுவரைத் தள்ளு, பின்கால் மடங்காமல், குதி நிலத்தை விடாமல்.
வெறுங்காலோடு டைல்ஸில் நடவாதே.
ஊசியைப் பிறகு பார்ப்போம், கத்தியை அதுக்கும் பிறகு.
எவ்வளவு காலம் என்றேன்.
ஆறு மாதம். கூடவும் போகலாம்.
தவணை போடுகிற குரல்தான், எனக்குப் பழக்கம்.

சோடாப் போத்தலில் தண்ணீர் நிரப்பி
பாரை மீனுக்குப் பக்கத்தில் உறைய வைக்கிறேன்.
இரவுச் செய்தி முடியும்வரை காலுக்கடியில் அது உருளும்.
பாதம் மரத்துப்போகும், லேசாய் மீன் மணக்கும்.
"வீட்டுக்குள்ளயும் செருப்போ?"
சாமிப்படத்துக்கு முன்னால் மட்டும் கழற்றுகிறேன்.
அந்த மூன்று நிமிசத்துக்கு
நாலாய் மடித்த சாக்கு ஒன்று போட்டிருக்கிறேன்,
சாமி இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

குதியுயர்ந்த கறுப்புச் சப்பாத்தைப்
பக்கத்துவீட்டு ரெஜினாவுக்குக் கொடுத்துவிட்டேன்.
பிறகுதான் யோசித்தேன்,
கொடுத்திருக்கக் கூடாது.

கர்ப்பிணிகளுக்கு, ஊன்றுகோலோடு வந்தவர்களுக்கு
"நீங்கள் இருக்கலாம்" என்று
எத்தனை நீதவான்களின் வாயிலிருந்து
எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.
போன செவ்வாய் பதிவாளருக்கு எழுதினேன்: ஒரு கதிரை.
சிங்களத்தில் ஒன்று, தமிழில் ஒன்று.
இரண்டுக்கும் பதில் இல்லை.

இன்று காலை ஆணி இருந்தது.
நேற்றையதைவிட மொட்டையா, கூரா,
சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன்.
கேத்திலை வைத்துவிட்டுச்
சுவரைத் தள்ளிக்கொண்டு நிற்கிறேன்.
"என்ன, சுவர் விழப்போகுதோ?"
பதில் சொல்லவில்லை.
பதினேழு.
பதினெட்டு.